பாகம்தான் மாமி

புது உடுப்பு எதைப் போட்டாலும் நான் முதலில் செய்வது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவதுதான். போன மாதம் காக்கநாட்டில் ஒரு துணிக்கடை டிரயல் ரூமில் அப்படி நின்றபோது என் மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "அம்மா, போலீஸ் வந்நோ?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் நாக்கில் முதலில் வரும். "சும்மா இரு குட்டி" என்றேன்.

கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கக்கூடாது. முதுகில் இழுக்கக்கூடாது. முழு மூச்சு உள்ளே போய் வெளியே வர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அங்கேயே கழற்றிப் போட்டுவிடுவேன், கடைக்காரப் பெண் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் சரி. காலரில் தைத்திருக்கிற எல், எக்ஸெல் கதையை எல்லாம் நான் நம்புவதில்லை. ஒரே தெருவில் ஒரு கடையில் நான் எல், அடுத்த கடையில் டபுள் எக்ஸெல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாயா குடித்தது மட்டும்தான் நான் செய்த பாவம்.

இந்த வீம்பு எனக்கு மதினியால் வந்தது. மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் மஸ்கட்டில் கடை போட்ட பிறகு இருவரும் அங்கே போய்விட்டார்கள். வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டுவாள். கழுத்துக்குக் கீழே எப்படியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதுதானே எனக்குத் தெரிய வேண்டியது.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கீழே அத்தாவின் வத்தல் மிளகாய் மண்டி, மேலே வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஊன்றிப்போன குடும்பம். கீழே மூட்டை பிரிக்கிற நாளில் மேலே ஒருத்தர் பாக்கியில்லாமல் தும்முவோம். அம்மா தும்மினால் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருக்கிற புறா பறந்துவிடும். நான் அழுதுகொண்டே தும்முவேன். மதினி மட்டும் தும்ம மாட்டாள். மூக்கை இரண்டு விரலால் பிடித்து, கண்ணை மூடி, முகம் சிவக்கச் சிவக்க அதை உள்ளேயே அழுத்திவிடுவாள்.

"தும்மித் தொலைங்க மைனி, காது பொத்துக்கிட்டு வந்துரும்" என்பேன்.

"பழகிப் போச்சு புள்ள" என்பாள்.

பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். நல்ல உயரம், அகன்ற தோள், நடந்தால் மரப்படி சொல்லும் யார் வருகிறார்கள் என்று. அவ்வளவு உயரம் இருந்தும் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பா எடுக்க மாட்டாள். "புள்ள, அந்த ஏலக்காய எடுத்துத் தா" என்று என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் தோளுக்குக் கூட வராத நான் ஸ்டூலைப் போட்டு ஏறுவேன், அவள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புது மருமகள் என்ற கெத்து என்று நினைத்தேன். சிரிக்கும்போது இடது விலாவில் கையை அழுத்திக்கொண்டு சிரிப்பாள். கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க மாட்டாள், முழங்காலை மடக்கி நேராக இறங்கி எடுத்து நேராக ஏறுவாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது கரண்டி சோற்றுக்கே "மதி, மதி, போதும்" என்று கையால் தட்டை மூடிவிடுவாள். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. "என் மருமக குருவி கொத்துற மாதிரி கொத்துவா. அதான் உடம்பு கொடி மாதிரி இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கொடியாம்! கண்ணிருந்தும் பார்க்காதவர்களை என்ன செய்ய?

'பாகம்' என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. உடுப்பு உடம்புக்குச் சரியாக இருந்தால் பாகம். மதினி வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். சாயாவில் சர்க்கரை போதுமா என்றால் பாகம். கட்டில் குட்டையாக இல்லையா என்றால் பாகம். அண்ணன் கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டுப் போன பிறகு, "என்ன மைனி, சண்டையா?" என்றால்கூட, "ஒண்ணுமில்ல, எல்லாம் பாகம்தான்."

பெருநாளுக்கு முன்னால் ஒரு சடங்கு போல அது நடக்கும். அம்மா தன் அலமாரியைத் திறந்து, பாலித்தீன் கவருக்குள்ளிருந்து ஒரு காப்பிக்கொட்டை நிற ஜாக்கெட்டை எடுப்பாள். மதினியின் அளவு ஜாக்கெட். அண்ணனுக்குப் பேசி முடித்தபோது, கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கப் பெண் வீட்டிலிருந்து அனுப்பியது. எங்கள் ஆட்களில் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் சேலை எடுப்பார்கள், பெண் வீட்டிலிருந்து ஓர் அளவு ஜாக்கெட் வரும், அதை வைத்து இவர்கள் தைத்துக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிறகு அது மதினியிடம் திரும்பிப் போகவே இல்லை. "ராசியான ஜாக்கெட். இத வச்சுத் தச்சதுதான் என் மவன் கல்யாணம்" என்று அம்மா பூட்டி வைத்துக்கொண்டாள். புதுத் துணியோடு அது அண்ணன் கையில் பாலஸ் ரோட்டு டெய்லரிடம் போகும். எங்கள் வீட்டுப் பெண்கள் டேப் வைத்து அளவு கொடுக்க டெய்லர் கடைக்குப் போவதில்லை. அளவு ஜாக்கெட்தான் போகும், வரும்.

தைத்து வந்ததும் அம்மா புதியதைப் பழையதன் மேல் வைத்து, தோளுக்குத் தோள், கைக்குக் கை பொருத்திப் பார்ப்பாள். ஒரு நூல் கூடியிருந்தால் திரும்பிப் போகும். பிறகு மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெகுநேரம் ஆகும். வெளியே வரும்போது மூக்கு நுனியில் வேர்வை நிற்கும்.

"பாகமா?"

"பாகம்தான் மாமி."

வீட்டில் நைட்டி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அது ராத்திரி படுக்கிற அறைக்குள்தான். மேலே வீடானாலும் மண்டிக்கு வருகிறவர்கள், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் என்று முன்ஹாலில் எப்போதும் யாராவது இருப்பார்கள். மருமகள் சேலையில்தான் சாயா கொண்டுவர வேண்டும். "நைட்டி போட்டா மனுஷி, சேலை கட்டினா செலை" என்று மதினி சொல்வாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரிப்பேன்.

ஒரே ஒரு தடவை பகலில் தளர்வாக உடுத்திப் பார்த்தாள். மஸ்கட்டிலிருந்து வந்த அண்ணனின் நண்பர் ஒரு சுடிதார் கொண்டுவந்து கொடுத்தார். நாவல்பழ நிறம், நல்ல பருத்தி, அகலமான வெட்டு. அதைப் போட்டுக்கொண்டு அன்று மதினி வீடு முழுக்க நடந்தாள். மேல்தட்டு டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்தாள். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் அவளே கையை நீட்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் அடுத்த வீட்டு இத்தா வந்தாள்; அக்காவை இங்கே இத்தா என்பார்கள். மதினியை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக, "எந்தா மோளே, விசேஷம் வல்லதும் உண்டோ?" என்றாள்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஓர் அர்த்தம்தான். அம்மா கையிலிருந்த சாயா கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். மதினியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "உண்மையா? எங்கிட்ட ஏன் சொல்லல? எத்தன நாளாச்சு?" என்று அம்மா கேட்ட குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கெஞ்சுகிற குரல்.

"இல்ல மாமி. சுடிதார் லூசு. அவ்வளவுதான்."

அம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அதப் போடாத மோளே. பாக்குறவங்க நூறு நெனப்பாங்க" என்றாள். மறுநாள் அந்தச் சுடிதார் வீட்டு வேலைக்கு வரும் சேச்சியோடு போய்விட்டது. மதினி மறுபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலை விழுங்கத் தொடங்கினாள். பிடித்துப் போட்டால் மூச்சு முட்டும், தளர்த்திப் போட்டால் ஊர் வாயில் பிள்ளை பிறந்துவிடும். பாவம், எங்கேதான் போவாள்?

வெளியே போனால்தான் மதினிக்கு உயிர் வரும். பர்தா போட்டுவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எர்ணாகுளத்துக்கு போட்டில் ஏறி உட்கார்ந்ததும், கறுப்புத் துணிக்குள்ளே அவள் கை போகும். கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். பிறகு ஒரு மூச்சு விடுவாள் பாருங்கள், முன் சீட்டில் இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் தண்ணீர்ப் பயணத்தில் அவள் வேறு ஆள். பாலக்காட்டுக் கதையெல்லாம் வரும். அம்மா தும்முவதை அப்படியே நடித்துக் காட்டுவாள். விலாவில் கை வைக்காமல் சிரிப்பாள். திரும்பி வரும்போது, கரை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். கை மறுபடி உள்ளே போகும். போட் ஜெட்டியில் முட்டுவதற்குள் கொக்கி எல்லாம் மாட்டி முடித்திருப்பாள்.

நான் அதை உஷ்ணத்துக்கு என்று நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்தது டிரயல் ரூமில்.

பெரிய மாமா மகளுக்குக் கல்யாணம். மருதாணி விழாவுக்குக் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி கவுன் போட வேண்டுமாம். பிஸ்தா பச்சை. இப்போது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இது ஒரு நோய். "எல்லாரும் சைஸ் போடுங்க" என்று கல்யாணப் பெண் வாட்ஸாப் குழுவில் கேட்டாள். மதினி பதில் போடுவதற்குள் அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டாள்: "நம்ம மருமகளுக்கு எம் மதி மோளே. எல் எடுத்தா தொளதொளன்னு நிக்கும்." கீழே வரிசையாக இதயப் படங்கள்.

கடையில் அந்த எம்மை எடுத்துக்கொண்டு மதினி டிரயல் ரூமுக்குள் போனாள். அவளுடைய பர்தாவையும் பையையும் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். நின்றேன், நின்றேன், கால் கடுத்துப் போனது.

"மைனி?"

"புள்ள... நீ மட்டும் உள்ள வா."

உள்ளே போனால், மதினிக்கு முகம் இல்லை. தலைவழியாகப் போடுகிற கவுன், ஜிப் கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. இரண்டு கைகளும் மேலே துணிக்குள் சிக்கி, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. மூன்று பக்கமும் கண்ணாடி. திரும்பின பக்கமெல்லாம் தலையில்லாத மதினி. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. உள்ளேயிருந்து அவளும் சிரித்தாள். பிறகு அது இருமலானது.

"சிரிக்க வைக்காத புள்ள. மூச்சு வரல."

இழுத்தேன். குனியச் சொல்லி இழுத்தேன். முழங்காலில் நிற்கச் சொல்லி இழுத்தேன். அந்த அலமாரி அளவு அறையில் இரண்டு பேர் திரும்பவே இடமில்லை. வெளியே கடைப் பெண் கதவைத் தட்டி, முடிந்ததா என்று அவசரப்படுத்தினாள்: "இத்தா, கழிஞ்ஞோ? வேறெ ஆளு நிக்குந்நுண்டு."

"இப்போ கழியும்!" என்று கத்திவிட்டு, எரிச்சலில் மதினியிடம் திரும்பினேன். "எம் உங்களுக்கு எந்தக் காலத்துல பாகமாச்சு? அந்த அளவு ஜாக்கெட்டுக்குள்ள நீங்க எப்படி நுழைஞ்சீங்கன்னே எனக்குப் புரியல!"

துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் உள்ளே மடங்கின.

"அது என்னோடது இல்ல புள்ள. தங்கச்சியோடது."

"என்னது?"

"உங்க வீட்டுல அளவு ஜாக்கெட் கேட்டாங்கல்ல. எங்கம்மா என்னோடத விரிச்சுப் பாத்தா. இத அனுப்பினா 'பொண்ணு ஆள் பெரிசு'ன்னு மாப்பிள்ள வீட்டுல பேசுவாங்கன்னு, தங்கச்சியோடத எடுத்து வச்சுட்டா. தச்சு வந்ததும் தையலப் பிரிச்சு விட்டுக்கலாம்னா. பிரிச்சோம். உள்ள இருந்த துணி பூரா பிரிச்சும் பத்தல. கல்யாணத்தன்னைக்கு முந்தானைக்குள்ள ஊக்குதான். உங்கம்மா வந்து பாத்து, பாகமான்னு கேட்டாங்க. பாகம்தான்னேன்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "ஒரு தடவ சொன்னது புள்ள. அப்புறம் எப்படி மாத்த?"

முகம் தெரியாத ஒருத்தி இவ்வளவும் சொல்லி முடித்தாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அந்த ஆயிரமும் ஒரு தடவை சொன்னதோடு முடிந்துபோகும். இந்த ஒரு பொய்யை இவள் தினமும் உடுத்திக்கொண்டல்லவா நடக்கிறாள்!

"நான் அம்மாகிட்டச் சொல்றேன்."

"சொல்லாத!" கவுனுக்குள் அவள் தலை பலமாக ஆடியது. "எங்கம்மா ஏமாத்துக்காரியாயிருவா. நானும் கூட்டுன்னு ஆவேன். ஒரு புள்ள பெத்திருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, பெத்த உடம்பு பெருத்துப் போச்சுன்னு ஜாக்கெட்ட மாத்தியிருப்பேன். அதுக்கும் வழியில்ல. ஏற்கெனவே ஒரு கொற இருக்கு புள்ள. இதுவும் சேந்தா என்னைய அங்க யாரு வச்சிருப்பா?"

மறுபடி கதவு தட்டப்பட்டது. "மூச்ச முழுசா விடுங்க மைனி" என்று சொல்லி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். டர்ரென்று பக்கத் தையல் விட்டுக் கவுன் கையோடு வந்தது. மதினியின் முகம் வேர்த்துச் சிவந்து, கண்ணீரும் கலந்திருந்தது. கிழிந்ததையும் வாங்க வேண்டியதாயிற்று. அந்த மாடலில் இருந்ததிலேயே பெரியது எக்ஸெல். அதற்கு மேல் வராது என்றாள் கடைப் பெண், அதற்கு மேல் பெண்களே கிடையாது என்பது போல. அந்த எக்ஸெல்லும் மதினிக்குத் தோளில் பிடித்தது, ஆனாலும் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் மதினி கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வேலை செய்தாள். கிழிந்த கவுனின் கழுத்திலிருந்து எம் என்ற சீட்டைப் பிரித்தெடுத்து, எக்ஸெல் சீட்டு இருந்த இடத்தில் அதே துளைகளில் ஊசியை விட்டுத் தைத்தாள். அம்மா கவுனை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லல?" என்று திருப்தியாகத் தலையாட்டினாள். மதினி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அதுதான் அவளிடம் நான் பார்த்த முதல் திருட்டுத்தனம்.

அடுத்த பெருநாளுக்கு நானே அண்ணனோடு டெய்லர் கடைக்குப் போய், கைக்கடியில் கொஞ்சம் கூட்டித் தைக்கச் சொன்னேன். தைத்தார். அம்மா பழையதன் மேல் வைத்துப் பார்த்தாள். "கண்ணு தெரியலயா அந்தாளுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். மதினி என் காலை மிதித்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் என்ன செய்ய?

பிறகு எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஆலுவாயில் வீடு. பேசி முடித்த கையோடு அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது, அளவு ஜாக்கெட் வேண்டும் என்று. அம்மா என் பெட்டியைத் திறந்து கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினாள். கடைசியாகத் தைத்த சிவப்பு ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், கீழே வைத்தாள். நான் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூட விழாவுக்குத் தைத்த நீல ஜாக்கெட்டை எடுத்தாள்.

"இத அனுப்பு" என்று மதினியிடம் நீட்டினாள்.

"அம்மா! அது எனக்குக் கைகூட ஏறாது" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட. அவங்க வீட்டுல நாலு பொம்பளைங்க விரிச்சு வச்சுப் பாப்பாங்க. இந்தச் செவப்பப் பாத்தா என்ன நெனப்பாங்க? கொடி மாதிரின்னு தோண வேணாமா, உன் மைனியோடது வந்தப்ப எனக்குத் தோணுன மாதிரி? தச்சு வந்தா தையலப் பிரிச்சு விட்டுக்கலாம்."

நான் மதினியைப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள் மைனி, இதை விட்டால் எப்போது சொல்வீர்கள்? நீல ஜாக்கெட் அவள் கையில் இருந்தது. கட்டைவிரலால் அதன் அக்குள் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். கீழே மூட்டை பிரித்திருப்பார்கள் போல. அவளுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்தாள், கண்ணை மூடினாள், விழுங்கினாள்.

"சரி மாமி" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை கோபம். இத்தனை அனுபவித்தவள், எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா? மதினிதான் எல்லாவற்றையும் மடித்து, பையில் போட்டு, முடிச்சுப் போட்டு அண்ணனிடம் கொடுத்தாள். போட்டில் ஏறும்போது உள்ளே போகும் அந்தக் கையைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாணத்தன்று காலையில் ஆலுவாயிலிருந்து தட்டு வந்தது. மெரூன் பட்டு, அதற்கு ஜரிகை வைத்துத் தைத்த ஜாக்கெட். மதினி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மேசைமேல் ஊக்குப் பெட்டி இருந்தது. நான் முதுகைக் காட்டி நின்றேன். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, விலாவைச் சுருக்கிக்கொண்டேன். இனி என் ஆயுசுக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கொக்கி ஒன்று மாட்டியது. அடுத்தது மாட்டியது. இழுக்கவே இல்லை. எல்லாக் கொக்கியும் தானாகப் போய் உட்கார்ந்தது போல மாட்டி முடிந்தது.

"மூச்ச விடு புள்ள" என்றாள் மதினி.

விட்டேன். ஒன்றும் தெறிக்கவில்லை. மறுபடி முழுசாக இழுத்து விட்டேன்.

"கையத் தூக்கு."

தூக்கினேன்.

"இன்னும் மேல. ரெண்டு கையும்."

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நின்றேன். மதினி என்னைச் சுற்றி வந்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள்.

"நான் அனுப்பினது செவப்பு" என்றாள் மெதுவாக. "அதையும் ரெண்டு பக்கமும் ஒரு விரக்கட பிரிச்சு விட்டுத்தான் அனுப்பினேன். நீலம் என் பெட்டிக்குள்ள கெடக்கு. மாமி கண்ணுல பட்டுறாம நீயே எடுத்து எங்கயாவது போட்டுரு."

"மைனி..." என்றேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். என் கைக்குக் கீழே அவள் விலாவோரத் தையலில் வரிசையாக ஊக்குகள் தட்டுப்பட்டன. பெருநாளுக்குத் திருப்பி அனுப்பித் தைத்து வந்த அதே ஜாக்கெட்.

"மெதுவா புள்ள, குத்தும்" என்றாள்.

அதற்குள் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தாள். முகம் பூரித்துப்போனது. "பாத்தியா! சின்னதா ஒண்ணு அனுப்பினது எவ்வளவு நல்லதாப் போச்சு. கொஞ்சம் அடக்கமாத் தச்சாத்தான் பொண்ணுக்கு லட்சணம். பாகமா இருக்கா?"

கேள்வி எனக்கு. நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மதினி முந்திக்கொண்டாள்.

"பாகம்தான் மாமி."

மண்டபத்தில் நிக்காஹ் முடிந்து, பெண்கள் எல்லோரையும் மேடையில் ஏற்றி போட்டோ எடுத்தார்கள். கேமராக்காரன் ஒரு துள்ளல் பேர்வழி. "எல்லாரும் கை பொக்கிக்கே! ஒந்நு ரண்டு மூந்ந்..." என்று கத்தினான். எல்லோரும் ஓவென்று கையைத் தூக்கினார்கள்.

அந்தப் படம் என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அம்மாவின் கை மேலே. மாமா மகள்களின் கை மேலே. ஆலுவாப் பெண்களின் கை மேலே. நடுவில் நான், மெரூன் பட்டில், இரண்டு கைகளையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து சிரிக்கிறேன். எனக்குப் பக்கத்தில் மதினி நிற்கிறாள். அவள் கைகள் இரண்டும் கீழே, சேலையோடு ஒட்டியிருக்கின்றன. மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது கழுத்தெலும்பில் தெரிகிறது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. என் கைக்கடியில் தையல் எங்காவது விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.